ஜெயதீபன் சொந்தப் பேரில் பறந்த கதை

பருத்தித்துறையில் ஒருவன் வெளிநாட்டுக்குப் போகிறான் என்றால், அவன் போய்ச் சேரும்வரை வீட்டார் பக்கத்து வீட்டுக்கும் மூச்சு விடமாட்டார்கள். கேட்டால் "கொழும்புக்கு ஒரு அலுவலாப் போறார்" என்று மழுப்புவார்கள். ஊர்க்கண் பட்டுப் பயணம் குழம்பிவிடும் என்ற பயம். சோமசேகரம் ஜெயதீபனும் பல வருசங்களுக்கு முன் அப்படி வாயைப் பொத்திக்கொண்டு போனவன்தான். போன மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியும் வந்தான்.

இந்த முறை அவனுடைய மனைவி வினோஜா ஒரே பிடியாக நின்றாள்.

"நீங்கள் என்ன களவாயோ போறியள்? வேலை தந்தெல்லோ கூப்பிடுறாங்கள். வாசல் படலையடியிலை தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் வெளிக்கிட வேணும்."

பட்டப்பகலில், ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேங்காய் உடைந்தது. முன்வீட்டு நாகேஸ்வரி அக்கா கிட்ட வந்தாள்.

"கனடாவோ தம்பி?"

"இல்லையக்கா, நியூசிலாந்து."

"அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. வேலை இருக்கு."

மாமனோ மச்சானோ இல்லாத நாட்டுக்கு ஒருவன் எதை நம்பிப் போகிறான் என்று அக்காவுக்கு விளங்கவேயில்லை. பாவம், நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவைத்தாள்.

ஜெயதீபனுக்கு இரும்பு ஒட்டுகிற வேலை. படலை, வள்ளத்து எஞ்சின் தாங்கி, அச்சு முறிந்த உழவு மெசின் என்று எது வந்தாலும் ஒட்டுவான். நியூசிலாந்தில் மீன்பிடிக் கப்பல் திருத்துகிற ஒரு கம்பனிக்கு வெல்டர் வேண்டும் என்று கொழும்பில் ஆள் எடுத்தபோது இவனும் போய் நின்றான். பரீட்சிக்க வந்த வெள்ளைக்காரர் அவன் ஒட்டிய குழாயை டோர்ச் பிடித்து உள்ளேயும் வெளியேயும் பார்த்தார். பிறகு அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். விசாவும் முறைப்படி வந்தது. பிரச்சினை விசாவில் இல்லை. பிரச்சினை அவனுடைய நாக்கில் இருந்தது.

முதல் பயணத்தில், களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவனை ஆபிரிக்காவில் ஏதோ ஒரு பட்டணத்தில், ஓர் அறையில் கொண்டுபோய் அடைத்துவைத்தான். 'குணசீலன்' என்ற பேரில் வேறு பாஸ்போட் வரும், அதில்தான் ஐரோப்பாவுக்கு ஏறவேண்டும் என்றான். அதுவரை பயிற்சி. நல்ல வடிவான பயிற்சி! நித்திரையில் கிடக்கிறவனின் முகத்தில் ஒரு வாளி தண்ணீரை அடிப்பான். "பேரென்ன?" என்று கத்துவான். கண் திறக்க முதல் "குணசீலன்" என்று வரவேண்டும். வராவிட்டால் இன்னொரு வாளி. மாதக்கணக்காக இந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் ஏஜென்சிக்காரன் ஆளே தலைமறைவாகிவிட்டான். பாஸ்போட் வரவேயில்லை. பேர் மட்டும் வந்து இவனுடைய நாக்கில் குந்திவிட்டது. தன்னுடைய பழைய பாஸ்போட்டிலேயே ஊருக்குத் திரும்பினான்.

ஆறுதலாகக் கேட்டால் ஜெயதீபன் என்பான். திடுக்கிட வைத்துக் கேட்டால் குணசீலன் என்பான். ஒருமுறை வளைவில் மறைந்து நின்ற பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளை மறித்து "பேரென்ன?" என்று அதட்ட, இவன் "குணசீலன்" என்றான். லைசென்சில் ஜெயதீபன். பிறகென்ன, பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். வினோஜா விழுந்தடித்து ஓடிவந்து, இவர் என்னுடைய மனுசன்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி மீட்டுக்கொண்டு போனாள். வீட்டுக்குள் வந்த பிறகுதான் சொன்னாள்.

"நான் குணசீலனைக் கலியாணம் கட்டேல்லை."

ஜெயதீபனுக்கு உயிர் போன மாதிரி இருந்தது. இப்போது விமானத்தில் இருக்கும்போதும் அந்தப் பயம்தான் அவனைத் தின்றது. நியூசிலாந்தில் இறங்கியதும் குடிவரவு அதிகாரி பேர் கேட்பார். நாக்கு பிசகினால் அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றிவிடுவார்கள். மீட்டுக்கொண்டு போக அங்கே வினோஜாவும் வரமாட்டாள்.

சிங்கப்பூரில் மாறி ஏறிய விமானம் நாள் முழுக்கப் பறக்கிற விமானம். ஏறி இருந்ததும் "ஜெயதீபன், ஜெயதீபன்" என்று வாய்க்குள் சொல்லத் தொடங்கினான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அவன் செபம் பண்ணுகிறான் என்று நினைத்து, மரியாதையாகத் தன் கையில் இருந்த சிப்ஸ் பையைச் சரசரக்காமல் மூடிவைத்தாள். சொல்லிச் சொல்லி அவன் நித்திரையாகிப்போனான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவன் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டான். வினோஜா கரைச்சல் கொடுத்து, கம்பனிக்காரரிடம் சொல்லுவித்து, அவனுடைய பேரில் சைவச் சாப்பாடு பதிவுசெய்து வைத்திருந்தாள். பணிப்பெண் அந்தத் தட்டோடு வந்து அவனுடைய தோளைத் தட்டினாள்.

"மிஸ்டர் ஜெயதீபன்?"

இவன் துடித்துப் பதைத்து எழும்பினான். "நோ! நோ! குணசீலன்!"

சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்கு 'நோ' சொன்ன மனிதன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டோடு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கோழி இறைச்சி வந்தது.

ஜெயதீபன் கோழியைப் பார்த்தான். இவ்வளவு காலமும் குணசீலனை நினைத்தால் அவனுக்கு வெட்கம்தான் வரும். இன்றைக்குப் பசி வந்தது. பசியோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. வாளித் தண்ணீர் பொறுத்தாயிற்று, பொலிஸ் நிலையம் பொறுத்தாயிற்று, கட்டிய மனுசியின் வாயால் அந்தச் சொல்லும் கேட்டாயிற்று. இனிச் சோற்றுத் தட்டிலுமா அந்தக் குணசீலன் கைவைப்பான்?

"நாசமாப் போவானே, உனக்கு இனி ஒரு பருக்கையும் தரமாட்டன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மணியை அமத்தினான். பணிப்பெண் வரவும் எழும்பினான். எழும்பின வேகத்தில் மேலே தலை இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னான்: அந்தச் சாப்பாடு என்னுடையது. நான்தான் ஜெயதீபன். முதல் சொன்னது பிழை.

"அப்போ குணசீலன் யார்?" என்று அவள் கேட்டாள்.

"அப்படி ஒரு ஆள் இல்லை."

கேட்காமலே பாஸ்போட்டையும் எடுத்து நீட்டினான். அவள் சிரித்துவிட்டாள். தட்டுத் திரும்பி வந்தது. பருப்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆனாலும் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டான். பொல்லாத பிள்ளை அவள், அதற்குப் பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தாலும் குப்பை எடுக்க வந்தாலும் "மிஸ்டர் ஜெயதீபன்?" என்று இழுத்துக் கேட்பாள். இவனும் ஒவ்வொரு முறையும் "யெஸ்" என்பான். கிழவியும் அவளோடு சேர்ந்துகொண்டாள்.

இறங்கினார்கள். வரிசை நகர்ந்து அவனுடைய முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமல் தட்டச்சுச் செய்துகொண்டே படார் என்று கேட்டாள்.

"வேறு ஏதாவது பேர் பாவித்திருக்கிறீர்களா?"

பேர் கேட்பார்கள் என்றுதான் எதிர்பார்த்து வந்தான், இப்படிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. குணசீலன் தொண்டைவரை வந்துவிட்டான். ஜெயதீபன் எச்சிலோடு அவனை விழுங்கினான்.

"இல்லை. எனக்கு ஒரேயொரு பேர்தான். சோமசேகரம் ஜெயதீபன்."

பக்கத்து வரிசைகளும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னான். அதிகாரி நிமிர்ந்தாள். மேசையில் ஊன்றியிருந்த அவனுடைய கைகளில் தீப்பொறி பட்ட தழும்புகளைப் பார்த்தாள்.

"வெல்டரா?"

"ஓம்" என்று தலையாட்டினான். தமிழில்தான் வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. பாஸ்போட்டைத் திருப்பித் தந்து உள்ளே போகச் சொன்னாள்.

பெட்டி எடுக்கிற இடத்திலிருந்தே வினோஜாவுக்கு அழைத்தான். பருத்தித்துறையில் அப்போது பின்னேரம்.

"இஞ்சை, என்னப்பா கேட்டவை?"

"பேர் கேட்டவை."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கைதவறி விழுகிற சத்தம் கேட்டது.

"என்ரை பேரைத்தான் சொன்னனான், வினோஜா. டக்கெண்டு சொன்னனான்."

வினோஜா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே படலைக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒழுங்கை அதிர அவளுடைய குரல் கேட்டது.

"நாகேஸ்வரியக்கா! இவரை உள்ளுக்கை விட்டிட்டாங்களாம்! பேர் கேட்டவையாம், தன்ரை பேரைச் சொன்னவராம்!"

"அதுக்கேன் பிள்ளை இந்தக் கத்துக் கத்துறாய்?" என்றாள் நாகேஸ்வரி அக்கா. "பின்னை ஆரின்ரை பேரைச் சொல்றது?"

ஜெயதீபன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கும் நடுவில் நின்று கண்ணீர் வரச் சிரித்தான்.