ஜீப்பில் ஆறாவது ஆள்

போன வருடம் அரையாண்டு விடுமுறையில் நடந்தது இது. நாங்கள் எண்ணூரில் இருக்கிறோம். என் கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். காட்டு யானையை நேரில் பார்க்க வேண்டும் என்று எங்கள் பத்து வயது மகள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த காசுக்குள் முதுமலை போய்வரத் திட்டம் போட்டோம். ரயிலில் சாதாரண வகுப்பு, மலையேற அரசு பஸ், வழிக்குப் புளிசாதம். ஜீப் வாடகைதான் இடித்தது. நாங்கள் மூவர், நாத்தனார், அவர் கணவர் என்று ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

என்னிடம் கேட்காமலே கீழ்வீட்டு அக்காவைச் சேர்த்துவிட்டார் என் கணவர். அந்த அக்கா இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர், தனியாள். தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடம் வைப்பதில் சண்டை வந்து, ரொம்ப நாளாக எங்களுக்குள் பேச்சே இல்லை.

"வேற ஆளே கெடைக்கலையா?" என்றேன்.

"அதுவும் எங்கியும் போனதில்ல. சீட்டு சும்மாத்தானே கீது" என்றார்.

வழியெல்லாம் நான் அந்த அக்கா பக்கம் திரும்பவில்லை.

மசினகுடியில் மறுநாள் காலை ஜீப் வந்து நின்றபோது, பனிக்காற்றில் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் புகையில் அடிக்கடி வருவதுதான். ஆனால் அன்று இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. கீழ்வீட்டு அக்காதான் அவளை வாரித் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

"நைனா, காட்டுக்கு அப்பால போலாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வுடு" என்றார் டிரைவரிடம்.

அங்கே மருந்துப் புகை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு தணிந்தது. மதியம் வரை இருக்கட்டும் என்றார் டாக்டர். கொடுத்த வாடகை வீணாக வேண்டாம் என்று என் கணவரையும் மற்றவர்களையும் அனுப்பிவைத்தேன். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்களும் போய்ட்டு வாங்கக்கா." சண்டைக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"புள்ள இப்டி கீறப்போ ஆனையப் பாத்து இன்னா பண்ணப்போறேன்?"

மகளின் நெஞ்சைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "எம் பையனுக்கும் இதேதாம்மா. அன்னிக்கு நல்ல மழ, ஆட்டோ ஒண்ணும் கெடைக்கல. தோள்ல போட்டுகினு ஓடினேன். போறதுக்குள்ள போய்ட்டான்."

அவருக்கு ஒரு பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விலக்கவில்லை.

ஜீப்பில் போனவர்கள் யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்கள் மூவருக்கும் திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் தெரிந்த மான்கள்தான். மகள் கொஞ்சம் அழுதாள். அப்புறம் அக்காவின் மடியிலேயே தூங்கிப்போனாள்.

இப்போது தண்ணீர் லாரி வந்தால் யார் குடம் முன்னே நிற்கிறது என்று நான் பார்ப்பதில்லை. சீராக மூச்சுவிட்டு உறங்கும் என் மகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்துவைக்காத ஒரு தாய் கீழ்வீட்டில் இத்தனை காலம் தனியாக இருந்திருக்கிறார் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.