அத்தான் வாங்கிய தங்கத் தட்டுகள்

எங்கள் கண்டத்தில் அதிகமாகத் தங்கத் தட்டு வாங்கிய பாடகர் யார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். தப்பு. அது என் அக்கா புருஷன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தவள்தான்.

அத்தான் வாலிபத்தில் ஒரே ஒரு ஆல்பம் பாடினார். அருமையான குரல். அந்தக் குரலில் விழுந்துதான், அப்பா தலைகீழாக நின்றும் கேட்காமல், அக்கா அவரைக் கட்டிக்கொண்டாள். ஆல்பம் கடைகளுக்குப் போனது. போன வேகத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. கம்பெனி முதலாளி நல்ல மனுஷர். "பாட்டு வேணாம்ப்பா, வேணும்னா வேலை தரேன்" என்று சொல்லி, அதிகம் விற்ற ஆல்பத்துக்குக் கொடுக்கிற விருது இசைத்தட்டுகளுக்குத் தங்கமுலாம் பூசும் பட்டறையில் சேர்த்துவிட்டார். தொட்டிகளிலிருந்து வருகிற அமில ஆவியில் கொஞ்ச வருஷத்திலேயே தொண்டை போய்விட்டது. இப்போது பாட்டென்ன, பேச்சே கரகரவென்றுதான் வரும். பின்னால் நானும் அங்கேயே சேர்ந்தேன். பித்தளைத் தகட்டில் பெயர் பொறிப்பதும் லேபிள் ஒட்டுவதும் என் வேலை.

தங்கத் தட்டு எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் மரியாதை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நாட்டுக்கு நாடு இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் ஒன்று, சங்கத்துக்குச் சங்கம் ஒரு கணக்கு. பெரிய நாட்டில் லட்சம் விற்றால்தான் தங்கம்; பக்கத்துக் குட்டி நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கினாலே போதும். விற்பது என்றால் யாரோ வாங்குவது என்று நினைத்துவிடாதீர்கள். கிடங்கிலிருந்து லாரி கிளம்பினால் விற்றதாக அர்த்தம். அதே லாரி அதே பெட்டிகளோடு திரும்பி வரும்போது சங்கத்துக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லா நாட்டையும் சேர்த்துப் பத்து லட்சம் தட்டு லாரி ஏறிவிட்டால் கண்டத்தின் பெரிய விருது. அதற்கும் எங்கள் தொட்டித் தங்கம்தான், கண்ணாடிச் சட்டம் மட்டும் பெரிது.

இன்னொன்று, சட்டத்துக்குள் மினுங்குகிற தட்டு அந்தப் பாடகருடையதே அல்ல. கிடங்கில் விலைபோகாமல் கிடக்கிற ஏதோ ஒரு கறுப்பு இசைத்தட்டை எடுத்து, வெள்ளி அடித்து, தங்கத் தொட்டியில் முக்கி, நடுவில் நட்சத்திரத்தின் லேபிளை ஒட்டிவிடுவோம். சுவரில் மாட்டுகிற சாமானை யார் போட்டுக் கேட்கப் போகிறார்கள்? எதை முக்குவது என்பது முலாம் பூசுகிறவர் இஷ்டம். அத்தான் தன்னுடையதை எடுத்து முக்கினார்.

முதலில் எரிச்சலில்தான். "கண்ல படாம ஒழியட்டும்" என்பார். போகப்போக எரிச்சல் மிதப்பாக மாறிவிட்டது. எந்த அமைச்சர் வீட்டு வரவேற்பறை, எந்த நாட்டு வானொலி நிலையம் என்று தட்டு போகிற இடத்தையெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வார். "இந்த மாசம் மூணு நாட்டுல எனக்குத் தங்கம்" என்று என் காதோடு சொல்வார். "ரசிகர் மன்றம் ஆரம்பிச்சிடலாமா அத்தான்?" என்பேன். இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது.

அக்காவுக்கு வேண்டியது அத்தான் பாடிய தட்டு, ஒன்றே ஒன்று. வீட்டில் இருந்ததை உறவுக்காரர் ஒருவர் கேட்டுவிட்டுத் தருவதாக வாங்கிப்போனார், போனது போனதுதான். அப்பா பாடியவர் என்பதை அம்மா வாயால் கேட்டதோடு சரி, அவர்கள் மகள் அதை நம்பியதில்லை. அந்தக் குரல் மிச்சமிருந்தது தட்டில் மட்டும்தான். "கிடங்குலேருந்து ஒண்ணு கொண்டாங்கன்னா, சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முழிக்கிறீங்களே" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் அத்தான் "நாளைக்கு" என்பார். நாளைக்கு நாளைக்கு என்று கிடங்கில் அவர் தட்டு கடைசிப் பெட்டிக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, குயில் என்று ஊரே கொண்டாடுகிற, எல்லோரும் கைகாட்டுகிற அந்தப் பாடகரின் ஆல்பம் பத்து லட்சத்தைத் தொட்டது. குயிலுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, முதலாளியின் மைத்துனருக்கு, மைத்துனரின் பல் டாக்டருக்கு என்று ஆர்டர் குவிந்தது. பெட்டியில் ஒரு தட்டு மிஞ்சியபோது அதை நானே துணியில் சுற்றி அத்தான் பையில் வைத்தேன்.

"இதை ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டுபோங்க. இல்லேன்னா அக்காகிட்ட எல்லாத்தையும் போட்டு உடைச்சிடுவேன்."

நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். சாயங்காலம் இன்னொரு ஆர்டர் வந்தது. கண்டத்துச் சங்கத்தின் தலைமையகத்தில், பெரிய கூடத்தில் மாட்டுவதற்கு. கிடங்கில் வேறு தட்டுக்கா பஞ்சம்? கோழி வளர்ப்புப் பாடம், உடற்பயிற்சிக் கட்டளைகள் எல்லாம் மலையாகக் கிடந்தன. அத்தான் பையைத் திறந்தார், துணியைப் பிரித்தார், தட்டைத் தொட்டியில் இறக்கிவிட்டார்.

"அத்தான்!"

"அவ்வளவு பெரிய கூடத்துல கோழி வளர்ப்பு தொங்கணுமா? நீயே சொல்லு."

அவரையே பிடித்து அந்தத் தொட்டியில் முக்கியிருப்பேன்.

அன்றைக்கே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்தித் தீர்ப்பாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "எனக்கு இல்லேன்னா போகுது. புள்ளைக்குக் கூடவா ஒண்ணு வைக்கல?" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"குயில் வீடு எங்கடி இருக்கு?"

குயில் பழைய பனியனோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூடத்தில் தங்கம் மாட்ட இடம் போதாமல் குளியலறை வாசல் வரைக்கும் தொங்கியது. ஒரு தட்டு கிடைக்குமா என்று அக்கா நேராகக் கேட்டுவிட்டாள்.

"என் பாட்டுன்னா அவ்வளவு பிடிக்குமாம்மா?"

அவர் பாட்டு வந்தால் ரேடியோவை அணைக்கிறவள் என் அக்கா. "உயிருங்க" என்றாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பாவம், குயில் உருகிப்போனார்.

"எது வேணுமோ எடுத்துக்கம்மா."

"எதை எடுத்தாலும் ஒண்ணுதாங்க" என்றேன் நான். தன் பாட்டெல்லாம் ஒரே தரம் என்று பாராட்டுவதாக எடுத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைக் கழற்றித் தட்டை பிளேயரில் வைத்தோம். மகள் முள்ளை இறக்கினாள். முதலில் வெறும் இரைச்சல். முலாம் பொடிப்பொடியாக உரிந்து முள்ளில் சேர்ந்தது. அப்புறம் அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. சின்ன வயசுக் குரல், எதற்கும் பயப்படாத குரல். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் செய்ததெல்லாம் வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்து வந்த அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, கழற்றிப் போட்டிருந்த குயிலின் சட்டத்தைப் பார்த்ததும் பதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நிறுத்து, நிறுத்து! முலாம் உரியுது பாரு. முள்ளு தட்டையே கீறிடும். ரெண்டு தடவை போட்டா ஒண்ணும் மிஞ்சாது. இன்னொண்ணு கேட்டு அந்தக் குயில் வாசல்ல போய் நிக்க முடியுமா? பத்திரமா மாட்டியாவது வைக்கலாம்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "மாட்டி வைக்கவா பாடினீங்க? கேக்கத்தானே பாடினீங்க?"

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயாப்பா இது?"

அவர் ஆமென்று தலையை அசைத்தார். பாட்டு முடிந்தது. மகள் யாரையும் கேட்காமல் முள்ளைத் தூக்கி மறுபடியும் முதலில் வைத்தாள்.