வரப்பில் நின்ற சிட்டு

கோவில்பட்டியில் பூவனநாதனை நாய் போட்டோக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஸ்டுடியோவுக்கு வேறு பெயர் இருந்தது. பலகையிலும் எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது.

கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுத்தார். ஆனால் சுற்றுப்பட்டி ஊர்களில் வேட்டை நாய் வளர்க்கிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நாயும் ஆளுமாக, முழு உருவத்தில், ஒரே படம் வேண்டும். அவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. நாயை வரப்பின் மேல் குறுக்காக நிறுத்துவார்கள். முதுகு, ஒட்டிய வயிறு, வால், நாலு பாதமும் தெரிய வேண்டும். கீழே நின்றால் உழுத கட்டி பாதத்தை மறைத்துவிடும். ஆள் வரப்புக்குப் பின்னால் நிற்பார். ஆளின் பாதம் மறைந்தால் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நாயின் பாதம் மறைந்தால் படம் திரும்பி வந்துவிடும்.

ஆரம்பத்தில் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்த அவரிடம் இருந்தவை முப்பத்தைந்து எம்.எம்., ஐம்பது எம்.எம். என்று இரண்டு லென்ஸ்கள். ஐம்பதில் முழு ஆளைப் பிடிக்க ஸ்டுடியோ போதாது. முதுகு சுவரில் இடிக்கும். முப்பத்தைந்தில் எல்லாம் அடங்கும். ஆனால் அதற்குக் கிட்டே போக வேண்டும். கிட்டே இருப்பது பெருத்துவிடும், தள்ளி இருப்பது சிறுத்துவிடும். தங்கப்பாண்டியன் என்ற மிளகாய் வியாபாரி தன் சிப்பிப்பாறை நாயின் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

“அண்ணாச்சி, நான் கூட்டியாந்தது நாயி. நீரு கழுதையில்லா எடுத்து வச்சிருக்கீரு.”

“அது மூக்க நீட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்துட்டு.”

“பக்கத்துல வந்தா தலை பெருக்குமா? எங்க மாமியா தெனமும் பக்கத்துலதான் வாரா. அவ தலை அதே சைசுலதான் இருக்கு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூவனநாதனும் சிரித்தார். அடுத்த வாரம் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஒரு சந்தில், மாடியில், பழைய கேமரா விற்கிற கடை. கடைக்காரர் எண்பத்தைந்தையும் நூற்று முப்பத்தைந்தையும் எடுத்து வைத்தார். பூவனநாதன் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். எதிரே டீக்கடை வாசலில் ஒருவன் தெரு நாய்க்கு வறுக்கியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். எண்பத்தைந்தில் அவனோடு சைக்கிள்களும் தட்டியும் சேர்ந்து வந்தன. நூற்று முப்பத்தைந்தில் அவனும் நாயும் மட்டும் இருந்தார்கள். அவன் கால் அவன் காலாகவும், நாயின் தலை நாயின் தலையாகவும் இருந்தது. தன்னை யாரோ பார்ப்பது நாய்க்குத் தெரியவில்லை. அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ரூமுக்குள்ள எடுக்குறதுன்னா எண்பத்தஞ்சே போதும். நூத்தி முப்பத்தஞ்ச வாங்குனீங்கன்னா சுவத்த இடிக்கணும்” என்றார் கடைக்காரர்.

“எங்க பக்கம் ஏது சுவரு? எல்லாம் கரிசக் காடுதான்.”

நூற்று முப்பத்தைந்தை வாங்கினார். அதன் பிறகு நாய்ப் படங்களைக் காட்டில்தான் எடுத்தார். ஆளையும் நாயையும் நிறுத்திவிட்டு முப்பது அடி பின்னால் வந்து, நாயின் உயரத்துக்கு மண்டி போட்டு உட்காருவார். சத்தம் கொடுத்தால் நாய் காதை மடக்கிக்கொள்ளும் என்பதால் எல்லாமே கைச் சாடைதான். படங்கள் நன்றாக வந்தன. பெயரும் வந்தது.

தொண்ணூற்று ஏழு புரட்டாசியில் கழுகுமலைப் பக்கத்து ஊரிலிருந்து சந்தனமாரி வந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருந்தது.

“பொன்மணி அப்பாவ ஒரு படம் எடுக்கணும் அண்ணாச்சி. இங்கன கூட்டியார முடியாது. வயித்துல கட்டி. வீட்டுல வச்சுப் பாருங்கன்னு மதுரையில சொல்லிட்டாவ.”

பூவனநாதன் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“மகளுக்குத் தையில கல்யாணம் பேசியிருக்கு. அதுவரைக்கும் அவிய இருக்க மாட்டாவ. மணவறைக்குப் போவுமுன்ன பிள்ள அப்பா காலுல விழணும்லா? கால் தெரியணும் அண்ணாச்சி. எங்க மாமனாரு படம் நெஞ்சோட நிக்கி. நான் வாழ்க்கைப்பட்டு வந்தன்னைக்கு எங்க விழன்னு தெரியாம வெறுஞ்சுவத்தக் கும்பிட்டேன். எம் பிள்ளைக்கு அப்படி ஆயிரக் கூடாது.”

“எடுத்திருவோம். முழு உருவமா எடுத்திருவோம்.”

“சிட்டும் கூட நிக்கணும். அவ ஆத்தாவ எங்கப்பா எனக்குக் குடுத்துவிட்டாவ. சிட்டு பொன்மணிகூடப் போவா.”

சிட்டு கன்னி நாய். கருப்பு உடம்பு, செவலைக் கால். அந்தச் சாதியைப் பெண்ணோடு அனுப்புவார்களே தவிர விற்க மாட்டார்கள். பூவனநாதனுக்கு அதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனார். வீட்டையொட்டியே காடு. மழைக்கு முன்னால் விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சந்தனமாரியின் கணவர் செண்பகராஜ் கம்பு ஊன்றி வந்தார். முகம் மழித்திருந்தார். வெளுத்த வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் நின்றது.

“நாய எடுக்க வந்தீரா, என்ன எடுக்க வந்தீரா?”

“ரெண்டு பேரையும்தான்.”

“மொதல்ல அத எடும். அதுக்குத்தான் நிக்கப் பொறுக்காது. எனக்கென்ன, வெட்டி முறிக்கவா போறேன்.”

சந்தனமாரி கம்பை வாங்கிக்கொண்டு ஒதுங்கினாள். பூவனநாதன் முப்பது அடி பின்னால் வந்து மண்டி போட்டார். செண்பகராஜின் இடது காலோரம் சிட்டு இவரைப் பார்த்து நின்றது. நேராக நின்றதால் ஒரு முகமும் இரண்டு முன்னங்கால்களும்தான் தெரிந்தன. அதன் நீளம் தெரியவில்லை. பூவனநாதன் கையைத் தூக்கி வரப்பைக் காட்டினார். விரலைக் குறுக்காக இழுத்தார்.

செண்பகராஜும் நாய் வளர்த்தவர். சாடை உடனே புரிந்துவிட்டது. குனிந்து கழுத்துப் பட்டையைப் பிடித்துச் சிட்டை வரப்பில் ஏற்றினார். நிமிர நேரம் பிடித்தது. நிமிர்ந்ததும் வரப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார். சிட்டு விலாவை அவர் முழங்காலில் சாய்த்து, தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. நின்று காட்டியதா, அவரைத் தாங்கியதா என்று தெரியவில்லை. லென்ஸில் எல்லாம் பொருந்தி வந்தது. வில் மாதிரி முதுகு, அதன் மேல் ஒரு கை, கைக்கு உரியவரின் முகம். இரண்டு தடவை அழுத்தினார். அதற்குள் செண்பகராஜின் மற்றக் கை கம்பைத் தேடியது. சந்தனமாரி ஓடினாள்.

கைத்தாங்கலாக அவரைக் கூட்டிப்போகும்போது திரும்பிக் கேட்டாள். “கால் விழுந்திருக்கா அண்ணாச்சி?”

“எல்லாம் விழுந்திருக்கு.”

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார்.

படம் பெரிதாக வந்த அன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்தது. சட்டம் போடுகிறவரிடம் கொடுக்கும்போது, “அடியில ஒட்ட வெட்டிராதேயும், கால் இருக்கு” என்றார். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாய்க் காலா?” என்று கேட்டார்.

பூவனநாதன் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். வேட்டி இறங்கி வந்து நாயின் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. நாயின் வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் வேட்டிக்கரை. அதற்குக் கீழே வரப்பு. வரப்பின் மேல் நாலு செவலைப் பாதங்கள், நகம் எண்ணலாம் போல.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. கரிசலில் மழை விழுந்தால் வண்டி போகாது. காலோடு மறுபடி எடுக்க ஐம்பதைக் கேமராவில் மாட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்தார். மழை வெறித்ததும் கிளம்பினார். ரோட்டை விட்டு இறங்கியதும் மட்கார்டுக்குள் களிமண் அடைத்துச் சக்கரம் நின்றது. வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மண் காலில் அப்பிக்கொண்டே வந்தது.

வீட்டு முன்னால் ஆட்கள் நின்றார்கள். விடியற்காலையில் உயிர் போய்விட்டது என்றார்கள்.

சந்தனமாரி எழுந்து வந்தாள். அவர் கையில் உறை இருப்பதைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். படத்தை வெளியே எடுத்தாள். விரல் கணவனின் முகத்திலிருந்து இறங்கி வந்து நாயிடம் நின்றது.

“அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி.”

“சொன்ன தாயி. நான் நாயவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

அவள் படத்தை உறைக்குள் வைத்தாள். அவருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. “இப்ப வேணா பாதத்த மட்டும் கிட்டப் போயி…”

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். செண்பகராஜின் கால்கள் வாசலை நோக்கி இருந்தன. கழுவியிருந்தார்கள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

“கட்டிட்டாவளே. கட்டுன காலுல பிள்ள எப்படி விழுவா?”

கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. பூவனநாதனைத்தான் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் எதிர்பார்க்கவில்லை. செண்பகராஜின் அந்தப் படத்தையே சட்டம் போட்டு நாற்காலியில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சிட்டைப் பந்தல் காலில் கட்டியிருந்தது.

பொன்மணி மண்டியிட்டாள். கண்ணாடியின் அடிப்பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சிட்டின் முன்னங்கால்கள் இருந்த இடத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விளாத்திகுளத்து மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அவள் தொட்ட இடத்தையே அவனும் தொட்டான்.

பூவனநாதன் கேமராவைத் தாழ்த்தியிருந்தார்.

“எடுங்க அண்ணாச்சி” என்றாள் சந்தனமாரி. “இதையாவது கிட்ட நின்னு எடுங்க.”

மறுபடி விழச் சொன்னார்கள். எடுத்தார்.

நாய்க்காரர்கள் பிறகும் வந்தார்கள். அவரும் முப்பது அடி பின்னால் போய் மண்டி போட்டார். ஆனால் வரப்பில் நாயை ஏற்ற விடுவதில்லை. தரையைக் கையால் தட்டிக் கட்டியை ஒதுக்கி, ஆளின் கால் இரண்டும் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

“மனுசன் கால எந்தப் பய பாக்கப் போறான் அண்ணாச்சி, நாய ஏத்தும்” என்பார்கள்.

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பார்.