எல்லோரும் நீக்கியது

பூபாலனைக் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது, நிதானமானவர். திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். எதையும் தானே முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்குப் பதில் சொல்லும் நிலைமை வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "உனக்குப் புடிச்சிருக்குதா கண்ணு?" என்று அவருடைய அம்மா கேட்டார். "எல்லாரும் என்ன சொல்றாங்க?" என்றுதான் பூபாலன் திருப்பிக் கேட்டார். வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த முறை சரிதான் என்பதற்கு அதுவே அவருக்குப் போதுமான சான்றாக இருந்தது.

அப்படிப்பட்டவருக்கென்றே செய்ததுபோல ஒரு மென்பொருள் சில வருடங்களுக்கு முன் கிடைத்தது. மெதுவாகிப்போன கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் உலகத்தில் எத்தனை பேர் வைத்துக்கொண்டார்கள், எத்தனை பேர் தேவையில்லை என்று நீக்கினார்கள் என்று காட்டும். முன்பின் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் அனுபவம் அது. பூபாலன் அதன்படி நீக்குவார், கம்ப்யூட்டர் பறக்கும். முதலாளிகள் மகிழ்ந்து டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அன்று காலை பல்லடம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி கந்தவேல் லேப் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க பூபாலன், இந்தப் பொட்டி தெறக்கறதுக்குள்ள நான் பல்லடம் போயி பிரியாணி தின்னுட்டே வந்துருவேனுங்க. மத்தியானம் சரக்கு வாங்கற பையர் ஆளு வர்றாரு. அவரு முன்னாடி இப்பிடி முழிச்சிட்டு நிக்க முடியாதுங்க."

"அரை மணி நேரத்துல முடிச்சர்றனுங்க."

லேப்பைப் பார்த்துக்கொள்பவள் வேல்விழி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். சாயம் போட்ட துணித்துண்டைக் கலர் பார்க்கும் மிஷினில் வைத்து, கம்ப்யூட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துச் சரி, தவறு சொல்வது அவள் வேலை. போன மாதம் ஒரு லாட் துணி கலர் மாறித் திரும்பி வந்திருந்தது. இன்னொன்று திரும்பினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கந்தவேல் சொல்லியிருந்தார்.

பூபாலன் மென்பொருளை ஓடவிட்டார். அதிக நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது பெயர் புரியாத ஒரு சின்னப் புரோகிராம். வைத்துக்கொண்டவர்கள் ஒருவரும் இல்லை. நீக்கியவர்கள் நாற்பத்தொரு பேர். அவர் மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் வேல்விழி தன் உள்ளங்கையால் அதை மூடினாள்.

"அண்ணே, அத மட்டும் விட்ருங்க. மிஷினோட வந்தது. காலைல அது முழுசா ஓடி மிஷின சரி பண்ணி முடிச்சாத்தான் எண்ணு சரியா காட்டும். அவசரத்துல அதுக்கு முந்தியே பாத்துதான் போன லாட்டு போச்சு."

"உலகமே வேண்டாங்குது அம்மிணி, நீங்க மட்டும் வேணுங்கறீங்களே!"

"உலகத்துல யாருண்ணே? ஒரு ஆளு பேரச் சொல்லுங்க, பாப்போம்."

பூபாலன் சிரித்தார். அவளுக்குக் காட்டுவதற்காகவே அந்த எண்ணின் மேல் அழுத்தினார். அதுவரை ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. நீக்கியவர்கள் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் ஒன்று விரிந்தது. அமெரிக்காவில் புள்ளி இல்லை. சென்னையில் இல்லை. எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் எறும்புபோல மொய்த்திருந்தன. பெரிதாக்கிப் பார்த்தார். பெருமாநல்லூர். அனுப்பர்பாளையம். பல்லடம் ரோடு. அவருடைய பைக் போகும் வழி அது.

முதல் புள்ளி நினைவுக்கு வந்தது. பெருமாநல்லூரில் ஒரு பட்டறை. கரண்ட் போய் யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. 'இதைப் பற்றி இதுவரை யாரும் கருத்துச் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று திரை கேட்டது. அவர் எதுவும் நினைக்கவில்லை. 'தேவையில்லை' என்பது கைக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த பட்டறையில் அதே புரோகிராமைப் பார்த்தபோது, நீக்கியவர்கள் நூறு சதவீதம் என்று காட்டியது. நிம்மதியாக இருந்தது. அன்றே, பெரும்பான்மையின் முடிவையே தன் முடிவாகப் பதிவு செய்யும்படி அமைத்துவிட்டார்.

கூட்டம் நிறைந்திருக்கிறது என்று நினைத்து இருட்டறையில் இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தவர், விளக்கு எரிந்ததும் காலி நாற்காலிகளைப் பார்த்ததுபோல இருந்தது. தலையாட்டியவர்கள் யாருமில்லை. கேட்டதெல்லாம் அவருடைய குரல்தான்.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. இது இருக்கட்டும்."

'வைத்துக்கொள்' என்பதை அழுத்தினார். எல்லோரும் இதை நீக்கியிருக்கிறார்கள், உறுதிதானா என்று திரை கேட்டது. பூபாலனின் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நாற்பத்தொரு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோலவும், அத்தனை பேருக்கும் தன் முகமே இருப்பதுபோலவும் தோன்றியது. பிறகு அழுத்தினார். அந்த மென்பொருளையே அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தார். சின்னப் புரோகிராமை ஒரு பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டார்.

"இன்னும் ஆமை மாதிரியேதானுங்க போகுது?" என்றார் கந்தவேல்.

"ஆமாங்க. இது மெதுவாத்தான் போகோணுங்க. வேகமாப் போனா கலர் தப்பீருங்க. நான் சொல்றனுங்க."

'நான்' என்று சொன்னது அவர் காதுக்கே புதிதாக இருந்தது.

பெருமாநல்லூர் போகும் வழியில், எக்ஸ்போர்ட்டில் கழித்த டீ-ஷர்ட்டுகளைச் சாலையோரம் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் கருநீலம். வெயிலில் பார்க்கும்போது ஒன்றின் நீலம் அடுத்ததோடு சேரவில்லை. கடை கடையாக அப்படியே இருந்தது. கலர் மாறினால் தண்ணீரைச் சொல்வார்கள், சாயத்தைச் சொல்வார்கள், லேப் ஆளைச் சொல்வார்கள். வேகமாகத் திறக்கும் கம்ப்யூட்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை. பூபாலன் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

முதன்முதலில் நீக்கிய அந்தப் பட்டறையின் லேப்பில் அவருக்குத் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க முருகவேல்னு ஒருத்தர் இருந்தாருங்களே?"

"அவர நிறுத்திட்டாங்களாமுங்க. கலர் தப்பித் தப்பி வந்துச்சாமா. அவருக்கப்புறம் வந்தவரும் நின்னுட்டாருங்க. நான் இப்பத்தானுங்க வந்தேன்."

"உங்களுக்குக் கலர் சரியா வருதுங்களா?"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏனுங்க கேக்கறீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

யார் சொன்னது என்று சொல்லப் பூபாலனிடம் ஒரு பெயர் இருந்தது, அவருடைய சொந்தப் பெயர். அதைச் சொல்வதற்கு முன் பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினார். கையை எடுப்பதற்குள் அது திறந்துகொண்டது, அவர் பழுது பார்த்துவிட்டுப் போன அதே வேகத்தில்.