விட்டுப் படித்த பக்கங்கள்

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேர் ஒரு பழைய நாவலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெறும் படுக்கையறைக் குப்பை என்றார் ஒருவர். ஜமீன்தார்களை அப்படிக் கிழித்து எழுதியவன் வேறு எவனும் இல்லை என்றார் மற்றவர். நான் டீயை முழுதாகக் குடிக்காமலே நகர்ந்துவிட்டேன். அந்தப் புத்தகத்தின் பேரைக் கேட்டால் இன்றும் நான் அங்கே நிற்பதில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அப்போது சாலவாக்கம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மில் காம்பவுண்டுக்குள்ளேயே முதலாளி கொடுத்திருந்த ஓர் அறையில் நானும் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தோம். வேலை போனால் அறையும் போய்விடும். அதனால் நான் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. இயல்பாகவும் எனக்குப் பேச்சு வராது.

புத்தகம் ஒரு லாரி டிரைவரிடமிருந்து வந்தது. சீட்டுக்கடியில் கிடந்ததை எடுத்து, "படிக்கத் தெரியுமில்ல, வச்சிக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார். அது வெளிவந்த காலத்தில் பத்திரிகைகள் அதைத் திட்டியதும், லைப்ரரியில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியதும் எனக்குத் தெரியாது. பல பக்கங்களின் மூலைகள் மடிந்திருந்தன. அதற்கும் எனக்குக் காரணம் தெரியாது.

அந்த வருடம் மத்தியானம் தவறாமல் கரண்ட் போகும். மிஷின் நின்றதும் களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் குடோன் நிழலுக்கு வந்து உட்காருவார்கள். அவர்களுக்குத் தலைமையாக இருந்த அக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா நைனா, நீயே படிச்சி நீயே சிரிச்சிக்கினு கீற? எங்களுக்கும் சொன்னா கொறஞ்சா பூடுவ?"

மறுக்கவும் எனக்குத் தைரியம் கிடையாது. படித்தேன்.

அறுபது வயது ஜமீன்தார் ஒருவர் சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார். அறைக்குள் அவரால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஊர் நம்ப வேண்டுமே; ராத்திரி மனைவியோடு இருந்தவர் காலையில் தலைக்குக் குளிப்பதுதான் வழக்கம். தினமும் விடிந்ததும் வாசலில் வெந்நீர் அண்டாவை வைத்து, போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கத் தலைக்குக் குளிப்பார். குடியானவர்கள் நின்று கும்பிட்டுவிட்டு, தெருமுனை திரும்பியதும் சிரிப்பார்கள். அதைப் படித்தபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் கதையில் அடிக்கடி ராத்திரி வரும். அந்தப் பெண்ணும் அவளைத் தேடி வரும் ஊர் வைத்தியரும் வரும் இடங்கள். கண்ணால் படிக்கும்போதே எனக்குக் காது சூடாகிவிடும். பக்கத்தைத் தள்ளிவிட்டு, "அப்புறம் விடிந்தது" என்று நானாகச் சேர்த்துப் படித்துவிடுவேன்.

"இன்னா நைனா, அந்த ஊர்ல மட்டும் இவ்ளோ சீக்கிரம் விடியுது?" என்று அக்கா கேட்பாள்.

அந்தச் சிரிப்பு எங்கே போகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் முதலாளியும் மனைவி இறந்த பிறகு, தலை நரைத்த வயதில், திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கப்புறம் வீட்டில் குளிப்பதை விட்டுவிட்டு, காலையில் மில்லுக்குப் பின்னால் இருந்த பம்புசெட்டில், பெண்கள் வேலைக்கு வரும் நேரத்தில் குளித்தார். ஒருநாள் புதிதாகக் கல்யாணமான ஒருத்தி களத்தில் நெல்லைக் கிண்டியபடி, "அக்கா, ஜமீன்தாரு தலைக்கு ஊத்திக்கினாரு" என்றாள். களமே சிரித்தது. நான் மில்லுக்குள் போய் மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அன்றே படிப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்ற பயம் வேறு.

மில் கணக்குப்பிள்ளை ஒரு மத்தியானம் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கினார்.

"டேய், இந்தக் கருமத்தையா பொம்பளைங்களுக்குப் படிச்சிக்கினு கீற? நான் காலேஜ்லயே படிச்சிட்டேன்டா இத!"

"சும்மா ஜமீன்தாரு கதைங்க" என்றாள் அந்தப் புதுப்பெண்.

"ஜமீன்தாரா? இதுல ஏது ஜமீன்தாரு? எனக்குத் தெரியாத புஸ்தகமா?"

அவர் நேராக முதலாளியிடம் போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லோரையும் எடைமேடை பக்கம் கூப்பிட்டார்கள். என் மனைவி குழந்தையோடு அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசிங்கம்லாம் ஒண்ணும் இல்ல மொதலாளி. சிரிப்புக் கதை" என்றாள் அக்கா.

"சிரிப்பா? இன்னா சிரிப்பு? சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

அக்கா வாயைத் திறந்தாள். பார்வை பம்புசெட்டுப் பக்கம் போனது. அண்டாவைச் சொன்னால் முதலாளியையே சொன்னதாகிவிடும் என்று அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. முதலாளி புத்தகத்தை என் மேல் விட்டெறிந்தார். "நீ படி. எத படிச்சியோ அத படி."

குனிந்து எடுத்தேன். கடைசியாகப் படித்தது அண்டா வைத்துக் குளிக்கும் இன்னோர் இடம். அதைப் படித்தால் என் வேலை மட்டும் போகாது. சிரித்த ஒவ்வொருத்தியும் அன்றே கூலி இல்லாமல் வெளியே நிற்க வேண்டும். மூலை மடிந்த ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அதுவரை ஒருமுறைகூட வாயால் சொல்லாத வார்த்தைகளைச் சத்தமாகப் படித்தேன். குரல் எனதாகவே இல்லை. அறை வாசலில் மனைவி இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

"நிறுத்துடா" என்றார் முதலாளி. பெண்கள் பக்கம் திரும்பினார். "இதுக்கா மே சிரிச்சீங்க?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க மொதலாளி" என்றாள்.

"நான்தான் சொன்னேனே" என்றார் கணக்குப்பிள்ளை.

முதலாளி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வேலையிலிருந்து போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

சாயந்திரம் அக்கா என்னிடம் வந்தாள். "ஏன் நைனா, இவ்ளோ அசிங்கத்தையா உள்ள வச்சிக்கினு எங்களுக்குப் படிச்ச? எம் பொண்ணு வயசுல ஒருத்தி உக்காந்து கேட்டுக்கினு இருந்தா."

அந்தப் புதுப்பெண் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "அசிங்கமா இருந்தா இருக்கட்டும்க்கா. அந்தப் பொண்ணு மனசுல இன்னா கீதுன்னு அங்கதான வருது? அத்த வுட்டுட்டு கெழவன் குளிக்கிறதையே படிச்சிக்கினு இருந்தாரு இவரு."

என் மனமெல்லாம் முதலாளியின் வீட்டில் இருந்தது. அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வருவார். அந்த அண்டா எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியும். இந்நேரம் வந்திருப்பாரா, நாளைக்கு வருவாரா என்று நினைத்தபடியே மிஷினில் நெல்லைக் கொட்டினேன். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். மனைவி சமைக்க வேண்டியது போக மீதிப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டாள்.

ஒரு காலையில் குடோனுக்குள் தனியாக மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்தார். அன்று அவருடைய தலை ஈரமாக இல்லை. கதவை ஒருக்களித்தார்.

"முழுசும் படிச்சியா அத்த?"

ஊசியை மூட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

"அந்த ஆளு வாசல்ல குளிக்கிற எடம். அதுங்களுக்குப் படிச்சியா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையில் நான் தைத்திருந்த தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அடிக்க வந்தவனின் குரலாக இல்லை.

"இல்லீங்க மொதலாளி" என்றேன். "அன்னிக்கு உங்க முன்னாடி படிச்ச மாதிரி எடம் மட்டுந்தான் படிச்சேன். நடுவுல வர்றதெல்லாம் வுட்டுட்டேன்."

"அசிங்கம் மட்டுமா?"

"ஆமாங்க."

ஒருக்களித்த கதவைத் திறந்துவிட்டார். "தூ" என்றார், மெதுவாகத்தான். "புள்ள பெத்தவன்டா நீ. போ, மிஷின போடு."

வெளியே வந்தேன். கரண்ட் இருந்தது. மெயினை மேலே தள்ளினேன். மோட்டார் ஓடியது.