வேப்பெண்ணெய் விழுந்த சாந்து

கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ந்து ஊறிய தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. இனிப்பும் துவர்ப்புமாக, லேசாகப் புளித்து, மூக்கை விட்டுப் போகவே போகாது. சுதந்திரம் வந்த புதிதில், சிமெண்ட் பெர்மிட்டுக்கு நடையாய் நடந்து அலுத்துப்போன அப்பா, அந்தத் தண்ணீரை ஊற்றிக் குழைக்கிற சுண்ணாம்புச் சாந்திலேயே கரமனையில் வீடு கட்டிவிடுவது என்று முடிவெடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பின்கட்டில் குடியிருந்தோம். வெளிச்சம்கூட மிளகாய் மூட்டைகளைத் தாண்டித்தான் எங்களிடம் வரவேண்டும். பெற்ற மூன்றில் என்னை மட்டும் மிச்சம் பிடித்திருந்த அம்மா மறுபடி உண்டாகியிருந்தாள்; ஆனியில் பேறுகாலம். "இந்தப் பிள்ளையையாவது சொந்த வீட்டுல பெறணும்" என்பதைத் தவிர அவள் அப்பாவிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

அப்பாவுக்கு நாஞ்சில் நாடு. செக்ரட்டேரியட்டில் கிளார்க் உத்தியோகம். நல்ல மனிதர்தான், ஆனால் பிறவிச் சந்தேகி. ஊரில் களத்து நெல்குவியலுக்குச் சாம்பலால் "குறி" போடுவார்கள் அல்லவா, ஒரு கை நெல்லை எவன் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்பா ஆற்றுமணல் குவியலுக்கு அதே குறியைப் போட்டார். கோடை மழை ஒன்று அதை அழித்துவிட்டுப் போனதற்கு, பக்கத்துப் புரையிடக்காரரோடு, அதாவது அடுத்த மனைக்காரரோடு, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜன்னல் சட்டத்தில் "செதல்", அதாவது கரையான், ஏறியபோது, ஆசாரி தெரிந்தே கெட்ட மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று வேலையை நிறுத்தினார். சுவர் ஒரு முழம் உயர்ந்தால் அப்பாவின் சந்தேகம் இரண்டு முழம் உயர்ந்தது.

பூச்சு வேலைக்கு வந்தவர் குழித்துறைப் பக்கத்துச் செல்லையா கொத்தனார். அதிகம் வாய் திறக்கமாட்டார். காலையில் வந்ததும், கருப்பட்டியும் கடுக்காயும் ஊறுகிற தொட்டிக்குள் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். இதை ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். அவ்வளவுதான், சாலைக் கடையிலிருந்து அவர் பார்த்துப் பார்த்து வாங்கிவரும் கருப்பட்டியெல்லாம் வேலைக்காரர்கள் வயிற்றுக்குள் போகிறது என்று தீர்மானமாகிவிட்டது.

மறுநாள் முதல் கருப்பட்டியை வீட்டிலேயே கரைத்து அனுப்புவதாக ஏற்பாடு. கரைத்த பானைக்குள் அப்பா வேப்பெண்ணெயைக் கவிழ்த்தார். "இனிமே எவன் குடிக்கான்னு பாக்கேன்" என்றவர், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். எனக்கு ஒரே பெருமை, அப்பாவின் ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்துவிட்டதே!

அன்று கொத்தனார் நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஐயா, இந்த வெள்ளத்துக்கு வல்லாத்த கைப்பு" என்றார்; தண்ணீர் ஏகமாய்க் கசக்கிறதாம். முற்றின கடுக்காய் கசக்கத்தான் செய்யும் என்று அப்பா அடித்துச் சொன்னார். வீடு ஐயாவுடையது என்பதுபோல் கொத்தனாரும் வேலையைத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அப்பா, குடிக்காதவனுக்குக் கசப்பு எப்படித் தெரிந்தது, கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் பார்த்தாயா என்று பூரித்துப் போனார். அந்தத் தண்ணீரில்தான் முன்னறையும் பேறுகாலத்துக்கென்று அம்மா பார்த்து வைத்திருந்த அறையும் பூசி முடிந்தன.

இடவப்பாதி மழை, வைகாசி நடுவில் தொடங்குகிற பருவமழை, அந்த வருஷம் சொல்லிவைத்தது போல் கொட்டியது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் இரண்டு அறையிலும் சாந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து தரையில் கிடக்கிறது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா கொத்தனாரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். கருப்பட்டியைத் தின்றதன் பலன் சுவரில் தெரிகிறது என்றார். கொத்தனார் குனிந்து ஒரு பாளத்தை எடுத்து, உடைத்து, மோந்து பார்த்தார்.

"எண்ணெ விழுந்தா சாந்து எப்படி பிடிக்கும் ஐயா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்; நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மதுரம் போதுமான்னு அறியத்தான் நாங்க நாக்குல வைக்கது. இனி நான் வைக்கல்ல. தெவசமும் ஐயா ருசி பாத்துச் சொன்னா வேல நடக்கும், இல்லெங்கில் நான் ஊருக்குப் போறேன்" என்றார் கொத்தனார்.

அதன்பிறகு ஆபீசுக்குப் போகும் வழியில், கோட்டும் தலைப்பாகையுமாக, சாந்து குழைக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க, அப்பா தொட்டிக்குள் விரலை முக்கி நாக்கில் வைத்து, "மதுரமுண்டு" என்று தினமும் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் மழை எங்களுக்காக நிற்பதாக இல்லை. ஈரச் சுவர் காய்ந்து மறுபூச்சு முடிய ஆவணி ஆகிவிட்டது. தம்பி ஆனியிலேயே, ஆரியசாலையில், மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டே பிறந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அம்மா புதுவீட்டுப் படியேறினாள். வேப்பெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை அவள் அப்பாவைக் கேட்டதில்லை. ஆனால் சாகும்வரை அந்த வீட்டுக்குள் வேப்பெண்ணெய் வாங்க விடவில்லை.

போன வருஷம் அந்த வீட்டை ஃபிளாட் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அப்பா மகளல்லவா, நான் பத்திரத்தை நான்கு தடவை படித்தேன், வரிக்கு வரி சந்தேகம் கேட்டேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். "எனக்கென்னக்கா, நான் இந்த வீட்டுலயா பெறந்தேன்?" என்று சிரித்தான்.

அவனுக்கு அந்தக் கதை தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லாமல், அவன் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.