நூறு எண்ணும் கட்டைவிரல்

கம்பளியக்காவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் சோதனைக்கூடத்தின் குளிர். பதினாறு டிகிரி என்று சுவரில் காட்டும். சுவர் கூசாமல் பொய் சொல்லும். கோபத்தோடு உள்ளே போன ஓர் அதிகாரி, அந்தக் கோபம் உறைந்துபோக, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததை நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். அக்கா அந்த அறையில் பத்தொன்பது வருடம், சாம்பல் நிறக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ரேடியோ சிப்புகளைச் சோதித்தாள்.

இம்முறை வந்தது அவள் தம்பி வடிவமைத்த முதல் சிப். இரண்டு வருட உழைப்பு. பிறந்த குழந்தையின் மார்பில் ஒட்டும் பட்டைக்குள் இருந்து, இதயத்துடிப்பைக் கம்பியில்லாமல் செவிலியரின் திரைக்கு அது அனுப்ப வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டால் மறுநாளே உற்பத்தி.

ரேடியோ அலை பிசகாமல் நிற்க, சிப்புக்குள் அதை உண்டாக்கும் அலையியற்றி ஒன்று உண்டு, அதை ஆள்வது எண்கள். எண் மாறினால் மின்தேக்கிகள் சேரும், விலகும். அலையின் அதிர்வெண் அதற்கேற்ப ஏறும், இறங்கும். சிப்பை ஆன் செய்த கணத்தில் பெரிய மின்தேக்கிகள் ஒரு முடிவெடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். பிறகு வரும் பிசகுகளுக்கெல்லாம் ஓடியாடுபவை சிறியவை. குடும்பங்களில் நடப்பதுதான்.

எல்லா அளவும் சரியாக வந்தது. சூட்டுப்பெட்டியில் அறுபது டிகிரி வரை பார்த்தாயிற்று. கடைசியாக, தன் வழக்கப்படி கட்டைவிரலைச் சிப்பின் மேல் வைத்து நூறு எண்ணினாள். எழுபத்தொன்றில் திரையில் அலையைக் காட்டிய கோடு இடம்பெயர்ந்து ஓடியது.

“விரல எடுக்கா! நீ தொட்டா எந்த சிப்புதான் ஒழுங்கா இருக்கும்?” என்றான் தம்பி.

“சரிடா, தொடல.”

முழுதாகச் செய்த ஒரு பட்டையை மேசையிலேயே ஆன் செய்து, தன் மார்பில் ஒட்டிக் கம்பளியால் மூடினாள். பதினோராவது நிமிடம் திரை மௌனமானது. அணைத்துப் போட்டாள், ஓடியது. ஆறவைத்து, ஆன் செய்து, மறுபடி ஒட்டினாள். மறுபடி மௌனம்.

குளிரில் பெரியவை எடுத்த முடிவு உடம்புச் சூட்டுக்குப் பொருந்தவில்லை. சூடு ஏற ஏற அலை இறங்கியது. ஈடுகட்டச் சிறியவை ஒவ்வொன்றாக விலகின. இனி விலக ஒன்றுமில்லை என்றபோது அலை கைநழுவியது. சூட்டுப்பெட்டியில் இது தெரியாததற்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு டிகிரியிலும் சிப்பை அணைத்துப் புதிதாக ஆன் செய்தார்கள். அந்த முறையை எழுதியது அக்காவின் கை.

“நர்ஸ் ஒரு தடவ அணைச்சுப் போட்டா போச்சு,” என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

“நர்ஸ் பக்கத்துல இல்லாத நேரத்துக்குத்தானேடா இந்தப் பட்டையே?”

“இது என் முதல் சிப்புக்கா.”

“தெரியும். ஆனா சோதனைல தப்பு என்னோடது. அதையும் சேத்துத்தான் எழுதப் போறேன்.”

மேலாளர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். “இத்தன வருஷமா இப்படியேதான் சோதிச்சீங்களா?”

“ஆமாங்க.”

பழைய சிப்புகளையெல்லாம் மறுபடி எடுத்தாள். அந்தக் கம்பளிக்குள் அவை ஒவ்வொன்றாகச் சூடேறின. இரண்டு தேறவில்லை, அவற்றின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு வரவிருந்த சோதனைக்கூடத் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. ஐந்து மாதம் தம்பி பேசவில்லை. அவர்கள் அம்மாதான் இரு வீட்டுக்கும் தபால்காரர்.

ஆறாம் மாதம் அவன் புதிய பட்டையோடு வந்தான். சிறிய மின்தேக்கிகளை இரட்டிப்பாக்கியிருந்தான். மேசையில் ஆன் செய்து அவளிடம் நீட்டினான்.

அக்கா ஒட்டிக்கொண்டாள். “உன் முகத்தப் பாத்தே உடம்பு சுடுது, தப்பு இருந்தா இன்னும் சீக்கிரம் தெரிஞ்சிடும்.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தான். பதினோரு நிமிடம் போனது. இருபது போனது. கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

“போதுமாக்கா?”

“சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்,” என்றாள்.

குளிரில் நடுங்கிய அவன் தோளில் கம்பளியின் மறுமுனையைப் போட்டாள். அவன் அதைத் தள்ளிவிடவில்லை.